சுகந்தி கல்யாண டிவிடி

உக்காருங்க அம்மிணி. பையை எடுத்துக்கறேன், இருங்க. ஆள் வருதுன்னுதான் வெச்சிருந்தேன். என்ற மக வந்தா கொஞ்சம் எந்திரிச்சுக் குடுத்துருங்க, என்ன? ஏழு மாசமுங்க அவளுக்கு, நின்னுக்கிட்டு வர முடியாது. வந்துருவா. வராம எங்க போறா. டிரைவர் இன்னும் டீக்கடையிலதான் நிக்கறாரு.

நீங்க காங்கேயமா? ஓ, ஊதியூருங்களா. அப்ப எங்களைக் கேள்விப்பட்டிருப்பீங்க. திருப்பூர் ரோட்டுல எண்ணெய் மில்லு. சுலோச்சனான்னா யாரும் சொல்லுவாங்க. பஸ்ஸுல எல்லாம் வர்றவ இல்லைங்க நானு. காரு ஊட்டுல சும்மாதான் கெடக்குது. ஊட்டுக்காரரு சாவி குடுக்கல. ‘நீ பேசிப்போட்டு வர்றதுக்கெல்லாம் நான் வந்து தலைகுனிஞ்சு நிக்க முடியாது, வேணும்னா பஸ்ஸுல போ’ன்னுட்டாரு. அப்படி என்னத்தப் பேசீட்டேன்? தலைப்பிரசவத்துக்குப் புள்ளையத் தாய் ஊட்டுக்கு அனுப்புங்கன்னு கேக்கறது ஒரு குத்தமா? ஊரு உலகத்துல நடக்காததா?

காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு கட்டுச்சோறு ஆக்குனேன் அம்மிணி. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு. சம்பந்தி ஊட்டுல துக்க வருஷம், அதனால ஒரம்பரை சொந்தபந்தம்னு கூட்டம் ஒண்ணும் வேண்டாம், கையில வளையலைப் போட்டு, சோத்தைக் குடுத்து, புள்ளையக் கையோட கூட்டிக்கிட்டுப் போறேன்னு ஒருத்தியாத்தான் வந்தேன். சோத்தை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. வளையலும் போட்டாச்சு. புள்ளையத்தான் அனுப்பல. நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன், வர்றதா இருந்தா ஆட்டோ புடிச்சு வான்னு சொல்லீட்டு வந்துட்டேன். அந்த வாசல் வழியாத்தான் ஆட்டோ வரணும். நீங்களும் ஒரு கண்ணு வெச்சுக்கங்க. பச்சைச் சேலை கட்டியிருக்கறா.

எல்லாம் ஒரு டிவிடியால வந்த வினைங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

காங்கேயத்துல மொதமொத டிவிடி யாரு ஊட்டுக்கு வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. டாக்டர் ஊட்டுல ஒண்ணு இருந்துச்சும்பாங்க, நான் பாக்கல. எங்கூட்டுல இருந்துச்சு. என்ற தம்பி சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தான். ஸ்பீக்கரே அஞ்சு, மூலைக்கு ஒண்ணா நாலு, டிவி மேல ஒண்ணு மாட்டோணும். கீழ வெக்கறதுக்குத் தனியா ஒரு பெரிய பொட்டி. படத்துல முன்னால மழை பேஞ்சா நம்ம முதுகுப் பக்கம் இடி இடிக்கும். அக்கம்பக்கத்துல எல்லாரும் வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னாங்க. கேசட்டுல என்னங்க தெரியும்? கோடு கோடா விழுகும், குரலு கொழகொழன்னு கேக்கும். டிவிடியில கட்டியிருக்கற சேலையில ஜரிகை இழை எண்ணலாம்.

அதனாலதான் சுகந்தி கல்யாணத்துக்கு டிவிடிதான்னு ஒரே முடிவா நின்னேன். ஸ்டுடியோ ஜெகநாதன் சொன்னான், ‘அக்கா, டிவிடி எனக்கே புதுசு, ஈரோட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஏத்தோணும், எதுக்கும் ஒரு கேசட்டும் போட்டு வெச்சுக்கலாம்’னு. வேண்டாம்னுட்டேன். சம்பந்தி சென்னியப்பனும் போன்ல கேட்டாரு. ‘சம்பந்தி, எங்கூட்டுல கேசட் போடற பொட்டிதான் இருக்குது, எங்களுக்கு ஒண்ணு கேசட்டாக் குடுத்தா தேவலாம்’னு. நான் என்ன சொன்னேன், ‘கேசட்டெல்லாம் இனி குப்பைக்குத்தான் போகும் சம்பந்தி, பாக்கோணும்னா எங்கூட்டுக்கு வாங்க, சோபாவுல சாஞ்சு உக்காந்து பாக்கலாம்’னேன். இதுல என்னங்க தப்பு? வான்னுதான கூப்பிட்டேன்? அவரும் சிரிச்சுக்கிட்டு சரீன்னாரு.

நல்ல மனுஷருங்க. அதையும் சொல்லோணும். தென்னந்தோப்பு வெச்சிருந்தாரு. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி, ஒரு விஷயத்தை ஆரம்பிச்சா அதுக்குப் பாட்டன் கதையில இருந்து வருவாரு. வைகாசியில கல்யாணம் ஆச்சு, ஆனி போச்சு, ஆடி போச்சு, வர்றேன் வர்றேன்னாரு, வரல. புரட்டாசி பொறந்து ரெண்டு நாளோ என்னமோ, தோப்புல மோட்டார் போடப் போனவரு அங்கயே விழுந்துட்டாரு. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

அந்த மாசமே ஆயுத பூஜை வந்துச்சு. சம்பந்தி ஊட்டுத் துக்கம் நமக்குத் தீட்டு இல்லீங்களே. மில்லுல பூஜை போட்டாகோணும், ஆளுக எல்லாம் பொரி கடலைக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. மெசினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சுட்டு ஊட்டுக்கு வந்து டிவிக்கு வெச்சேன், டிவிடி பொட்டிக்கு வெச்சேன், அஞ்சு ஸ்பீக்கருக்கும் வெச்சேன். கல்யாண டிவிடியை மட்டும் உட்டுட முடியுமா? அதுதான முக்கியம். அதுக்கும் வெச்சேன்.

மேல் பக்கத்துல புள்ளையும் மாப்பிள்ளையும் மாலையோட நிக்கற போட்டோ அச்சடிச்சிருந்துச்சு. அது மேல பொட்டு வெச்சா மூஞ்சி மறைஞ்சு போகுமேன்னு திருப்பி, அந்தக் கண்ணாடி மாதிரி மினுங்குது பாருங்க, வெறுமனே கெடக்கற பக்கம், அதுல வெச்சேன். மூணு எடத்துல. அடுத்த நாள் தொடைச்சா கறை போகல. பித்தளை வெளக்குக்குப் போடற மாதிரி விபூதி தொட்டு நல்லாத் தேய்ச்சேன், பளபளன்னு ஆயிருச்சு. எடுத்து உள்ள வெச்சுட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணுனது. வேற ஒருத்தர் கை அதுல பட விடலீங்க நானு.

ஆட்டோ வருது பாருங்க. அது இல்ல. யாரோ கட்டில் ஏத்திக்கிட்டு வர்றாங்க.

ஐப்பசியில சுகந்தி போன் பண்ணுனா. ‘அம்மா, அத்தைக்கு மாமாவை ஒருவாட்டி பாக்கோணுமாம். நடக்கற மாதிரி, பேசற மாதிரி. போட்டோவையே பாத்துக்கிட்டு, வாயத் தொறக்க மாட்டீங்கறாரேன்னு அழுகறாங்க. டிவிடியை எடுத்துக்கிட்டு வா’ன்னு. அந்த மனுஷர் வேற எந்த வீடியோவுலயும் கெடையாதுங்க. ஜெகநாதன்கிட்ட கேட்டா, கேமராவுல இருந்த கேசட்டை அடுத்த கல்யாணத்துக்கு அழிச்சு எடுத்துட்டேங்கறான். ஆக அவரு நடையும் குரலும் எங்கூட்டு டிவிடியில மட்டுந்தான் இருக்குது. சரி, நம்மளால ஒரு ஆறுதல்னு, பொட்டி, அஞ்சு ஸ்பீக்கர், எல்லாத்தையும் காருல ஏத்திக் கொண்டுபோனேன். யாருங்க இவ்வளவு பண்ணுவாங்க?

சம்பந்தியம்மா மரகதம் சுவரோரமா வெள்ளைச் சேலையில உக்காந்திருந்தாங்க. பங்காளிக, அண்ணந்தம்பி பொண்டாட்டிக, கூடம் நெறைய ஆளு. மாப்பிள்ளை ஒயரெல்லாம் மாட்டுனாரு. போட்டதும் அருமையா ஓடுச்சு. மண்டபத்து வாசல், மேளம், நான் மயில் கழுத்துக் கலர் பட்டுல எறங்கி வர்றேன், எங்க பக்கத்து ஆளுக வர்றாங்க, சீரு வருது. எல்லாரும் பாத்துக்கிட்டே இருக்கறாங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்ற எடம் வந்துச்சு. அப்ப பாத்துக் கட்டங்கட்டமா உடைஞ்சு, மேளச் சத்தம் டக்டக்டக்குன்னு அதே எடத்துல இழுத்து, நின்னு போச்சுங்க.

எடுத்துத் தொடைச்சுப் போட்டாங்க. நின்னுச்சு. முன்னால ஓட்டிப் பாத்தாங்க. நின்னுச்சு. சம்பந்தியம்மா முந்தானையப் புடிச்சுக்கிட்டு டிவியவே பாக்கறாங்க, கண்ணை எடுக்கல. மாப்பிள்ளை டிவிடியை வெளிய எடுத்து டியூப் லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாத்தாரு.

‘அத்தை, இது என்ன, செவப்பா?’

‘பொட்டுங்க மாப்பிள்ளை. ஆயுத பூஜைக்கு வெச்சது.’

‘அம்மா, இந்தப் பக்கமா வெச்ச?’ன்னு கேட்டா சுகந்தி. அவ கேட்ட தொனியே எனக்குப் புடிக்கல. பின்ன எந்தப் பக்கம் வெப்பாங்க, உன்ற மூஞ்சி மேலயான்னு கேட்டேன். சாமிக்கு வெச்ச பொட்டுல ஒரு பொருள் கெட்டுப் போகுமா அம்மிணி? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. அந்தத் தட்டே அப்படிப்பட்ட தட்டு. ஈரோட்டுக்காரன் என்ன தரத்துல போட்டுக் குடுத்தானோ.

ஆனா பயந்துட்டேங்க. பொய் சொல்ல மாட்டேன், நெம்பப் பயந்துட்டேன். என்ற மக அந்த ஊட்டுல பொழைக்கோணும். தினமும் எந்திரிச்சு அந்தம்மா மூஞ்சியில முழிக்கோணும். உங்கம்மாளாலதான் எம்புருசன் குரலு போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவ தலை நிமிர முடியுமா? ஜெகநாதன்கிட்ட கொண்டுபோய்க் குடுத்து, என்ன ஆனாலும் சரி, அவரு வர்ற எடத்தை மட்டும் எடுத்துக் குடுத்துருன்னேன். சிவன்மலைக்கு நேந்துக்கிட்டேன். முருகா, அந்த மனுஷர் மூஞ்சி தெரிஞ்சு ஒரு வார்த்தை பேசுனாப் போதும், வேற ஒண்ணும் கேக்கலைன்னு. சோறு எறங்கலீங்க எனக்கு. ஊட்டுக்காரரு எங்கூட பேசறதையே நிறுத்திப்போட்டாரு.

ஜெகநாதன் ஈரோடு, கோயமுத்தூருன்னு அலைஞ்சான். பாலிஷ் போட்டு, கம்ப்யூட்டர்ல வெச்சு, வந்த வரைக்கும் வேற டிவிடியில ஏத்திக் கொண்டாந்தான். ‘அக்கா, முக்கால்வாசி போச்சு. அவரு பேசற எடம் ஒண்ணு கெடைச்சிருக்குது. ஆனா கொண்டு போறதுக்கு முன்னால நீங்க ஒருவாட்டி தனியாப் பாத்துருங்க’ன்னான். எனக்கெதுக்குப்பா, நான்தான் அவரை நேர்லயே பாத்தவளாச்சே, நேரா தாராபுரத்துக்கு, சம்பந்தி ஊட்டுக்கு வண்டிய விடுன்னேன். அவன் மறுபடியும் ஒருக்கா சொன்னான். நான் கேக்கல. சந்தோசம் அம்மிணி. அந்தம்மா மூஞ்சியில நிம்மதியப் பாக்கோணும்னு பறந்துக்கிட்டு இருந்தேன்.

அன்னைக்கும் அதே கூடம். ஆளு இன்னும் ஜாஸ்தி, சேதி கேட்டு அக்கம்பக்கத்துல இருந்தும் வந்துட்டாங்க. நானே எந்திரிச்சு சத்தத்தை நல்லாக் கூட்டி வெச்சேன், குரலு கேக்கோணும்ல.

வந்தாரு. சில்க் சட்டை, தோள்ல துண்டு, பக்கத்துல சுகந்தி மாலையோட. கண்ணுக்குக் கீழ இருக்கற மச்சம் வரைக்கும் அவ்வளவு துல்லியம். சம்பந்தியம்மா எந்திரிச்சே நின்னுட்டாங்க. கேமராக்காரன் ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுங்கன்னு கேப்பான்ல, அதுக்குத் துண்டைச் சரி பண்ணிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு ஆரம்பிக்கறாரு. ‘என்ற மருமக சுகந்தி வந்து...’

அந்த நேரத்துல ஒரு குரலு.

‘ஏப்பா ஜெகநாதா, அங்க என்னத்த எடுத்துக்கிட்டு நிக்கற? அந்தாளு ஆரம்பிச்சா விடிய விடியப் பேசுவாரு. இங்க வா, சீர்த்தட்டுக்கு லைட்டப் போடு.’

என்ற குரலுங்க.

கேமரா அப்படியே சுத்துது. வெள்ளிக் கொடம், வெள்ளித் தட்டு, அப்பறம் டிவி நெறைய என்ற மூஞ்சி. சிரிச்சுக்கிட்டு நிக்கறேன். அதோட முடிஞ்சு போச்சு.

கேசட்டா இருந்தா அது கேட்டே இருக்காது அம்மிணி. மேளச் சத்தத்துல போயிருக்கும். இந்தப் பாழாப்போன ஸ்பீக்கர், ஒரு எழுத்து விடாம நாலு மூலையில இருந்தும் சொல்லுது. கல்யாண அவசரத்துல ஆயிரம் பேசுவோம். யாருதான் பேசல? கூடத்துல யாராவது திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க, நானும் ரெண்டு சொல்லியிருப்பேன், சண்டை போட்டு முடிஞ்சிருக்கும். அந்தம்மா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. ‘அவரு என்ன சொல்ல வந்தாருன்னு தெரியலியே’ன்னாங்க. அப்பறம், ‘சுகந்தி, இன்னொருக்காப் போடு சாமி’ன்னாங்க.

போட்டா. ‘என்ற மருமக சுகந்தி வந்து...’, அப்பறம் நானு. மறுபடியும் போடச் சொன்னாங்க. மறுபடியும் நானு. அதுவரைக்கும் சுகந்தி என்ற பக்கத்துல உக்காந்திருந்தா. நாலாவது வாட்டியோ என்னமோ, எந்திரிச்சுப் போய் அவங்க மாமியா பக்கத்துல உக்காந்துக்கிட்டா. எனக்கு அங்க உக்காரவும் முடியல, எந்திரிக்கவும் முடியல.

அதுல இருந்துதான் எல்லாம். பொட்டி அவங்க ஊட்டுலயே இருக்குது. தெனமும் சாயந்தரம் வெளக்கு வெச்சதும் அந்தம்மா அதைப் போட்டுப் பாக்கறாங்களாம். போன் பண்ணுனா சுகந்தி ரெண்டு வார்த்தையில வெச்சுடறா. தீபாவளிக்கு வரல, துக்கம்னு விட்டுட்டேன். பொங்கலுக்கும் வரல. ஏழாவது மாசம் வந்துச்சு, இதுக்கு வந்துதான ஆகோணும்னு நெனச்சேன். அதுலயும் மண்ணு.

டிரைவர் வந்துட்டாருங்களா? ஏறீட்டாரா? ஏனுங்க கண்டக்டர் தம்பி, சித்த நேரம் இருங்க. புள்ள ஒண்ணு வருது, மாசமா இருக்கறவ. ரெண்டே நிமிசம். உங்க அக்கா தங்கச்சியா நெனச்சுக்கங்க.

சரின்னுட்டாரு. நல்ல தம்பி.

மத்தியானம் அடுப்படியில வெச்சு அவளைத் தனியாப் புடிச்சேன். உங்க மாமியாதான வேண்டாங்கறாங்க, சொல்லு, நானே நேர்ல கேட்டுப்போடறேன்னேன். அவ பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே சொல்றா, ‘அம்மா, கேமரா உம்பக்கம் திரும்புன பொறகும் மாமா பேசுனாரு. நான் பக்கத்துலதான நின்னேன்’னு.

என்ன சொன்னாருன்னு கேட்டேன்.

‘எங்களுக்குப் பொட்டப்புள்ள இல்ல, இனி இவதான்னாரு. லைட்டும் இல்ல, கேமராவும் இல்ல, ஆனாலும் முழுசாச் சொல்லி முடிச்சாரு. அப்பறம் எங்காதுகிட்டக் குனிஞ்சு, உங்கம்மா வேணும்னு சொல்லல சாமி, புள்ளையக் குடுக்கற பதட்டம் அவங்களுக்கு, நீ இதை மனசுல வெச்சுக்காதேன்னாரு. அவரு சொன்னாருன்னுதான் நானும் வெச்சுக்கல. இப்பத் தெனமும் சாயந்தரம் கேக்கறேன்மா. ஒரு நாளைக்கு நாலு தடவை கேக்கறேன்.’

பாத்தீங்களா அம்மிணி! அவரே சொல்லியிருக்கறாரு, நான் வேணும்னு சொல்லலைன்னு. பெரிய மனுஷர், அவருக்குப் புரிஞ்சிருக்குது. நான் பேசுனதை மட்டும் எடுத்து வெச்சிருக்கறான், அவரு எனக்காகப் பேசுனதை எடுக்கல. அந்த ஜெகநாதன் இன்னும் ரெண்டு நிமிசம் அங்கயே நின்னிருந்தா என்னங்க கொறைஞ்சு போயிருக்கும்? யாரு கூப்பிட்டாலும் ஓடி வந்துடறதா? தனக்கா ஒரு அறிவு வேண்டாம்? அது மட்டும் டிவிடியில இருந்திருந்தா, இந்நேரம் என்ற மக எங்கூட வந்திருப்பா.

இதை உங்க மாமியாகிட்டச் சொன்னியான்னு கேட்டேன். சொல்லீட்டாளாம். எப்பவோ சொல்லீட்டாளாம். ‘அதுக்கப்பறம் அத்தைதாம்மா உங்கூடப் போகச் சொல்லித் தெனமும் கேக்கறாங்க. தலைப்பிரசவம், தாய் ஊட்டுலதான் பாக்கோணும், போயிட்டு வா சாமிங்கறாங்க. நான்தான் வரல’ன்னு சொல்றா. நம்புவீங்களா நீங்க? மாமியா போகச் சொல்றாளாம், பெத்த மக வர மாட்டாளாம். சொல்லிக் குடுத்துப் பேச வெக்கறாங்க அம்மிணி. என்ற மக அப்படிச் சொல்றவ இல்ல. இருபத்தி மூணு வருசம் வளர்த்தவளுக்குத் தெரியாதா?

ஆனா சொல்றப்ப அவ கண்ணு கலங்கல. அதுதான் எனக்கு என்னமோ மாதிரி இருக்குது. கை பாட்டுக்குப் பாத்திரத்தைக் கழுவுது.

விசில் குடுத்துட்டாரு. ஏனுங்க தம்பி, இன்னும் ஒரே ஒரு நிமிசம்... சரி சரி, உங்களுக்கும் நேரம் இருக்குதுல்ல. எடுக்கச் சொல்லுங்க. காங்கேயம் ஒண்ணு குடுங்க.

ஆட்டோ எதுவும் வரலீல்ல அம்மிணி? நல்லாப் பாத்தீங்களா?

எங்க பெத்தா என்ன, நல்லபடியாப் பெத்துப் பொழைச்சு வரட்டும். அவங்களும் நல்லாத்தான் பாத்துக்குவாங்க, அதுல கொறை சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணுங்க. வலி எடுத்தா எந்தப் புள்ளையும் அம்மான்னுதான கத்தும்? அவளும் அப்படித்தான் கத்துவா. அப்ப ஓடி வந்து நிக்கப் போறது அந்தம்மா. நான் காங்கேயத்துல போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.